ஆறாம் எண் பிரிவு

அந்தப் படங்களை உப்புக்காற்று தின்னவில்லை. நான் அழித்தேன்!

கோட்டுச்சேரிமேட்டில் யாரைக் கேட்டாலும் உப்புக்காற்று என்றே சொல்வார்கள். அந்தப் பொய்யைக் கிளப்பிவிட்டவன் நான். வாங்கி ஒரு வருடத்தில் மின்விசிறி துருப்பிடித்து உதிர்வதைப் பார்க்கிறவர்கள், ஹார்டு டிஸ்க்கும் அப்படித்தான் போயிற்று என்றால் நம்பாமல் என்ன செய்வார்கள்?

சுனாமி அடித்த முதல் இரண்டு நாளில், அடையாளம் தெரியாத உடல்களைக் கரையிலேயே புதைத்தார்கள். அதற்குமுன் ஊர் போட்டோக்காரர் ஒவ்வொரு முகத்தையும் படம் எடுத்துவைத்தார். தேடி வருகிறவர்களுக்குக் காட்டவேண்டுமே! அரசாங்கத்திடம்கூட அந்தப் படங்கள் இல்லை. ஆனால் எப்படியோ அவை சி.டி.யாகிக் கடைத்தெருவில் விற்றன. துணி கிழிந்து கிடந்த பெண்களை... வேடிக்கை பார்க்க!

ஊர்ப் பஞ்சாயத்து கொதித்துப்போயிற்று. போட்டோக்காரரிடம் இருந்தவை உட்பட, கிடைத்த சி.டி.களையெல்லாம் உடைத்து, படகில் கொண்டுபோய்க் கடலில் போட்டார்கள். ஒரே ஒரு பிரதி, அதுவும் பூட்டிய கணினியில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. காரைக்காலில் கணினி வகுப்பு நடத்திவந்த என்னைக் கூப்பிட்டார்கள்.

“படிச்சவங்க நீங்க. நம்ம பொம்பளைங்க மானம் ஒங்க கையிலதான் தம்பி இருக்கு” என்றார் நாட்டாமை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டேன். டிஸ்க்கைப் பிரிவுகளாக்கினேன். ஐந்தாவதைச் சும்மா விட்டேன். ஆறாவது, கணினி தன் தற்காலிக வேலைக்குக் கிறுக்கிக்கொள்ளும் இடம். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் பழையதன்மேல் புதிய பூட்டைப் போட்டுக் கிறுக்கும்; பழையது திரும்பக் கிடைக்காது. ஏழாவதில் படங்கள், கடவுச்சொல்லுக்குள். இன்னொரு பிரதி எடுத்துப் பூட்டிவைத்திருக்கலாம். ஊர் வாக்கு ஒரே பிரதிதானே என்று இருந்துவிட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு காலை, சும்மா கிடந்த ஐந்தாம் பிரிவு என் கண்ணை உறுத்தியது. அழித்தேன். அழித்தால் அடுத்தவை ஓர் எண் கீழே இறங்கும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்! ஏழு ஆறாயிற்று. ஆறாவதில் கிறுக்கு என்ற என் பழைய கட்டளை மட்டும் அப்படியே இருந்தது. கணினியை மறுபடி இயக்கினேன். அது சொன்னபடி கிறுக்கியது... படங்களின்மேல்.

கடவுச்சொல்லை எத்தனை தடவை அடித்தேன்! திறக்கவில்லை. கெட்டிக்காரன் என்ற பெயர் போய்விடுமே என்ற பயம்தான் முதலில் வந்தது. சீ! நான் என்ன மனிதன்?

அந்த வாரமே தமிழரசி அக்கா வந்தாள். அலையில் ஆறு வயது மகள் அபிராமியைப் பறிகொடுத்தவள். உடல் கிடைக்கவில்லை. யாரோ தூக்கிப்போய் வளர்க்கிறார்கள் என்று நம்பி, அதுவரை அந்தப் படங்கள் பக்கமே வராதவள்.

“இன்னிக்குப் பாத்துடுறேன் தம்பி. இருந்தா காரியம் பண்ணிட்டு மனச ஆத்திக்கிறேன். காட்டுங்க.”

“உப்புக்காத்துல டிஸ்க்கு போயிடுச்சுக்கா...”

அவள் கேட்டாள்: “நீங்க எல்லாத்தயும் பாத்துத்தானே ஏத்துனீங்க? எம் புள்ள இருந்துச்சா? எடது முட்டிக்குக் கீழ கஞ்சி கொட்டுன தழும்பு. பச்சப் பாவாட.”

பார்த்திருந்தேன். பச்சைப் பாவாடை, தழும்பு... இரண்டையும் பார்த்திருந்தேன்! ஆமாம் என்றால் காட்டு என்பாள். எதைக் காட்டுவேன்?

“இல்லக்கா” என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. ஐயோ, அந்த மலர்ச்சி! “எனக்குத் தெரியும் தம்பி. எங்கயோ உசுரோட இருக்கா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நீங்கள் என்னை மன்னிக்கவேண்டாம். இப்போதாவது சொல்லிவிடேன் என்று கேட்பீர்கள். எனக்கு நாக்கு எழவில்லை. ஆண்டுக்கொரு முறை அவள் வருகிறாள், ‘காணவில்லை’ நோட்டீஸ் அடிக்க. என்னைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்கமாட்டாள். நேற்றும் வந்தாள்.

“வயச மாத்திப் போடுங்க தம்பி. பதினொண்ணு ஆயிடுச்சு. இப்ப பாத்தா எனக்கே அடையாளம் தெரியாது.”

மாற்றிப் போட்டேன்.