சனிக்கிழமைக்குள் ஒரு நீச்சலுடை

போன புதன்கிழமை பின்னேரம் யன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு ஒரு பார்சலைப் பிரித்தோம். கள்ளக் கடத்தல் என்று நினைக்காதீர்கள். கறுப்பு நிற நீச்சலுடை.

அணிய வேண்டியவள் ஜெனிற்றா. முல்லைத்தீவுக் கரையோரத்துப் பிள்ளை. கிளிநொச்சியில் விளையாட்டு ஆசிரியை. இரண்டு வருடமாக என் வீட்டில் தங்கியிருக்கிறாள். சனிக்கிழமை அவளுக்கு நீச்சல் பயிற்றுநர் தேர்வு. அவள் தேறினால்தான் ஊர் நீச்சல் தடாகத்தில் பெண் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்குவார்களாம். குளமும் வாய்க்காலுமாகக் கிடக்கிற மாவட்டம் இது. நீந்தத் தெரிந்த பெண் பிள்ளைகள் எத்தனை பேர்?

கடலில் முழுச் சட்டையோடு நீந்தி வளர்ந்தவளுக்கு நீச்சல் பிரச்சினையில்லை. உடுப்புத்தான் பிரச்சினை. பெரிய மார்புள்ள பெண்ணுக்கு இந்த ஊரில் நீச்சலுடை கிடையாது. விளையாட்டுப் பொருள் கடைக்காரர் அவளைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார்.

"எல்லாம் ஃப்ரீ சைஸ், தங்கச்சி. இழுபடும்."

இழுபட்டதுதான். இடுப்புக்குச் சரி, நெஞ்சில் பிதுங்கியது.

ஆகவே கொழும்புக்கு ஓடர். முப்பத்திரண்டு வருடம் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், மற்றவர்களின் படிவங்களில் பிழை பிடித்தவள் நான். ஓடர் படிவத்திலிருந்த பதினொரு நிபந்தனைகளையும் வாசித்து, தையற்காரர் அவளுடைய சாறி பிளவுஸுக்கு எழுதி வைத்திருந்த நெஞ்சளவைக் கவனமாகப் பதிந்தேன். வந்த உடுப்பில் நெஞ்சு அடங்கியது. மற்ற இடமெல்லாம் நெல்லுச் சாக்கு. குதித்தால் உடுப்பு ஒரு பக்கம் போகும், பிள்ளை ஒரு பக்கம் போவாள். நிபந்தனை ஏழு — நீச்சலுடை திருப்பி எடுக்கப்படமாட்டாது.

வியாழன் காலை தேர்வு நடத்துகிற அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, மேலே ரீசேட் போட அனுமதி கேட்டேன். அதிகாரி மரியாதையாகவே மறுத்தார். தொளதொள சட்டைக்குள் தண்ணீர் நிறையும். காப்பாற்றப் போகிறவளையே கீழே இழுக்கும். விதி நியாயமாக இருக்கும்போது வருகிற கோபம் இருக்கிறதே... என் மேசைக்கு முன்னால் நின்ற எத்தனை பேருக்கு அது வந்திருக்குமோ.

ஜெனிற்றா மத்தியானம் சாப்பிடவில்லை. தேர்வுக்குப் போகவில்லை என்றாள். நான் ஒரு வழி சொன்னேன்: துவாயால் போர்த்திக்கொண்டு போ, கரையில் கழற்றியவுடன் இறங்கிவிடு, ஒருவரும் காணமாட்டார்கள்.

"எப்ப பாத்தாலும் மறைக்கிற கதைதான், அன்ரி. நான் என்ன களவெடுத்த சாமானே வச்சிருக்கிறன்?"

எனக்கும் அதே உடல்வாகு. கச்சேரி முழுவதும் கோப்புகளை நெஞ்சோடு அணைத்தபடியே நடந்து திரிந்தவள். வேலையில் பற்று என்று மேலதிகாரிகள் பாராட்டினார்கள்.

அன்று பின்னேரம் ஜெனிற்றாவே போய்ப் பின்வீட்டு செல்வராணியைக் கூட்டி வந்தாள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். செல்வராணிக்கு ஆடைத் தொழிற்சாலையில் பத்து வருட வேலை. அங்கே வெளிநாட்டுக்குத் தைத்து அனுப்புவது... உள்ளாடையும் நீச்சலுடையும்! பின்வீடு. எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? நாங்கள் கேட்கிற விஷயமா இது?

நான் எழுதியிருந்த அளவைப் பார்த்து அவள் சிரித்தாள். "ஒரு நம்பர வச்சு ஒடம்புக்குத் தைக்க ஏலாது அம்மா. டீச்சர், கையத் தூக்குங்க."

மார்புக்கு மேலால் ஓர் அளவு, கீழால் ஓர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் கிண்ணம் வெட்ட வேண்டுமாம். பாரத்தைத் தோள் தூக்கக் கூடாது, கீழ்ப்பட்டி தூக்க வேண்டும். இந்த வயது வரை எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை.

வடிவாக இருக்குமா என்று ஜெனிற்றா மெதுவாகக் கேட்டாள். இத்தனை நாளில் எனக்குத் தோன்றாத கேள்வி.

"வெள்ளக்காரிக்கு வடிவா தைக்கிறோம். ஒங்களுக்குத் தைக்க மாட்டோமா?"

பக்கங்களைப் பிரித்து ஒடுக்கினாள். உள்ளே அகலமான இலாஸ்ரிக் பட்டி, தடித்த தோள்வார், கழுத்தில் அழகாக ஒரு வளைவு. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து போட்டுப் பார்க்கச் சொன்னாள். ஜெனிற்றா கையை வீசினாள் — டர் என்று ஒரு தோள்வார் விட்டது. திரும்பவும் தைத்தாள். தண்ணீரில் சோதித்துப் பார்க்க நேரமில்லை.

சனிக்கிழமை காலை. கரையில் மூன்று பரீட்சகர்கள். கம்பி வேலிக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு தாய்மார் — வேடிக்கை பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டினேன். ஜெனிற்றா வந்தாள். துவாயை எடுத்தாள். அவசரமில்லாமல் மடித்துக் கதிரையில் வைத்தாள். அந்தக் கறுப்பு உடுப்பு அவளுக்கென்றே பிறந்ததுபோல் இருந்தது.

குதித்தாள்.

நான் நீச்சலைப் பார்க்கவேயில்லை. இடது தோள்வாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டுத் தரம் போய் வந்தாள். பிறகு, மூழ்குகிறவராக நடித்த ஒரு தடித்த மனிதரை நெஞ்சோடு அணைத்து இழுத்து வந்தாள். வார் அசையவில்லை. முடிவு தபாலில் வரும் என்றார்கள். ஆனால் பெண் பிள்ளைகளின் வகுப்பை எந்தக் கிழமையில் தொடங்கலாம் என்று மூத்த பரீட்சகர் அவளிடமே கேட்டார்.

வெளியே வந்ததும் அந்தத் தாய்மார் சுற்றி வளைத்தார்கள். நான் சண்டைக்குத் தயாரானேன். ஒருத்தி குரலைத் தாழ்த்தினாள். "ரீச்சர், உந்த உடுப்பை எங்க எடுத்தனீங்கள்? என்ர மகளும் இப்பிடித்தான்... அதாலதான் நீந்தப் பழக அனுப்ப யோசிக்கிறன்."

செல்வராணி இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறாள். பெயர், மேல் அளவு, கீழ் அளவு. நேற்று நானும் பதிந்துவிட்டேன்: வயது அறுபத்து நான்கு, நீச்சல் தெரியாது — நல்ல காலம், அந்த இரண்டுக்கும் அவளுடைய கொப்பியில் நிரல் இல்லை.