குளத்துக்காரர் வுயிசிலே

"வந்துட்டியா? சீட்டு வாங்கினியா? வெளிய போ!"

நீளக் கம்பு வலையால் நீச்சல் குளத்தில் மிதக்கும் ஜகரண்டா பூக்களை அள்ளும்போது வுயிசிலே ஒவ்வொன்றையும் இப்படித்தான் அதட்டுவார். காலையில் ஆள் வரும் முன்பே பூக்களோடு அவருடைய சண்டை முடிந்திருக்கும். பிறகு குளோரின் தூளைக் கரைத்து ஊற்றி, சற்று நின்று, தண்ணீரை மோந்து பார்ப்பார். அந்த வாடை அவரோடு வீட்டுக்கும் போகும். "உன் பக்கத்துல படுத்தா ஆஸ்பத்திரியில படுத்த மாதிரி இருக்கு, ராடெபே" என்பாள் மனைவி பூமேசா. கொஞ்சினாலும் கேலி செய்தாலும் குலப்பெயர் சொல்லித்தான் அழைப்பாள்.

தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்தில் அந்த ஊர்க் குளம் வெள்ளைக்காரர்களுக்கானது. இத்தனை வருடமும் அவர் நனைந்தது மணிக்கட்டு வரைதான்.

தொண்ணூறாம் ஆண்டு அக்டோபரில், பொது இடங்களை நிறத்தால் பிரித்து வைத்த சட்டம் ஒழிந்தது; குளம் இனி எல்லோருக்கும். அந்த வாரமே குளத்து மேற்பார்வையாளர் வெஸ்ஸல்ஸ் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"வுயிசிலே, தண்ணிய வடிச்சிடு. விரிசல் விட்டிருக்காம்."

"விரிசலா? எங்கய்யா? தினம் நான்தான தேய்க்கிறேன்."

"குளத்துலன்னு நான் சொன்னேனா?" என்றார் வெஸ்ஸல்ஸ், முகத்தைப் பார்க்காமல். "கவுன்சில் உத்தரவு. திறந்து விடு."

வுயிசிலேக்குப் புரிந்தது. மாட்டேன் என்றால் வேலை போய்விடும். மடையைத் திறந்தார். நீலம் வற்றி வற்றித் தரை தெரியும் வரை அங்கேயே நின்றார்.

சனிக்கிழமை கறுப்பர் குடியிருப்பிலிருந்து ஒரு கூட்டம் துண்டும் கையுமாக வந்தது. முன்னால் பூமேசா. காய்ந்து கிடந்த குளத்தையும் நடுவில் விளக்குமாறோடு நின்ற புருஷனையும் பார்த்தாள்.

"அடப்பாவி, நம்ம ஆளே வடிச்சிருக்கானே!" என்றான் ஒருவன். "எஜமான் வளர்த்த நாய், வேற என்ன செய்யும்?"

பூமேசா அவனை முறைத்தாள். ஆனால் அன்று இரவு மக்காச்சோளக் களியை அவர் தட்டில் போட்டுவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் முதல் தினமும் வாசலில் துண்டுகள் நின்றன. கோஷமில்லை, கல்லில்லை. பூமேசா கம்பி வேலியில் முகம் வைத்து, ஊர் பேர் தெரியாதவரைக் கேட்பதுபோல் கேட்பாள்: "ஐயா, தண்ணி எப்ப வருங்க?"

"தெரியாதுங்கம்மா" என்பார் வுயிசிலே, தலை நிமிராமல். பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்குவார்.

டிசம்பர் அங்கே உச்சக் கோடை; வெயில் எல்லோரையும் வறுத்தது. வெள்ளைக்காரத் தாய்மார்களும் நகராட்சிக்குப் போய்ச் சத்தம் போட்டார்கள். ஒரு நாள் வெஸ்ஸல்ஸ் வந்து, "விரிசல் சரியாயிடுச்சாம். நிரப்பு" என்றார்.

"தானாவே கூடிருச்சாய்யா?"

வெஸ்ஸல்ஸ் சிரித்துவிட்டார். வெகுநாளைக்குப் பிறகு வுயிசிலேயும்.

திறந்த அன்று வெள்ளைக்காரர்கள் புல்தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். துண்டுக்காரர்கள் கரையிலேயே நின்றார்கள். யாரும் இறங்கவில்லை. பூமேசாதான் பழைய நீச்சலுடையில், பல்லைக் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீருக்குப் போய் நின்று, புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"போதும் ராடெபே, காவல் காத்தது. இறங்கு."

"டியூட்டியில இருக்கேன்டி."

"சாப்பாட்டு நேரம்தானே" என்றார் வெஸ்ஸல்ஸ் அலுவலக ஜன்னலிலிருந்து, செய்தித்தாளை விலக்காமலே.

வுயிசிலே கம்பைச் சுவரில் சாய்த்தார். பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். காக்கிக் கால்சட்டையோடு படி இறங்கினார். தண்ணீர் முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு ஏறியது. கைகள் மட்டும் தோளுக்கு மேலே, நனையக்கூடாத எதையோ சுமப்பதுபோல் நின்றன. புல்தரை பார்த்தது. கரையும் பார்த்தது. 

அவர் இரண்டு கைகளையும் மெதுவாகக் கீழே இறக்கி, தண்ணீருக்குள் விட்டார்.