மமதாவுக்குக் கிடைத்த மூன்று

மாரிகுப்பம் மமதாவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அங்கே நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பிள்ளைகளுக்காகப் பன்னிரண்டு வருஷம் விட்டிருந்த பிஎச்.டி.யை மறுபடி பிடித்திருந்தாள். சனிக்கிழமைதோறும் காலை ரயிலில் பெங்களூர் போய், வழிகாட்டி ஸ்ரீநிவாஸ் சாரைப் பார்ப்பாள்.

அவள் எடுத்துக்கொண்ட கணக்கு இது. பெரிய தரை ஒன்று, முழுக்கச் சதுர ஓடுகள். ஒவ்வொரு ஓட்டுக்கும் காசு சுண்டிப் பார்த்து, தலை விழுந்தால் கறுப்பு, பூ விழுந்தால் வெள்ளை. கறுப்பு ஓடு சூட்டை ஒன்பது பங்கு கடத்தும், வெள்ளை ஒரு பங்குதான். கிட்டத்தில் ஒரே தாறுமாறு. ஆனால் தரை பெரிதாகப் பெரிதாக, மொத்தமும் ஒரே பொருள்போல நடந்துகொள்ளும். அந்தப் பொருளுக்கு எந்த எண்?

சராசரி ஐந்து. கம்ப்யூட்டரோ ஒவ்வொரு முறையும் மூன்றை ஒட்டியே வந்து நின்றது. புரோகிராமில்தான் தப்பு என்று இரண்டு வாரம் வரிவரியாகத் தேடினாள்.

"இன்னா மமதா, அந்த மூணு இன்னும் போவலயா?" என்று தினமும் கேட்பான் கணவன் பிரதாப்.

அந்தச் சனிக்கிழமை ரயிலில், எதிர் சீட்டு நர்ஸ் ஃப்ளோரா தன் கட்டம் போட்ட சால்வையைக் குறுக்கே திருப்பி மடித்தாள். மமதா சட்டென்று நிமிர்ந்தாள்.

தரையைத் திருப்பினால்? சூடு ஓடும் திசையைக் கால்வட்டம் திருப்பினால் ஒவ்வோர் எண்ணும் தலைகீழாகும்; ஒன்பது, ஒன்பதில் ஒன்றாகும். எல்லாவற்றையும் ஒன்பதால் பெருக்கினால் கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். காசு சுண்டிப் போட்ட தரையில் நிறம் மாறினால் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை! அப்படியானால் ஒன்பதை விடையால் வகுத்தாலும் அதே விடைதான் வரணும். விடையை விடையால் பெருக்கினால் ஒன்பது.

"மூணு! ஃப்ளோரா, மூணேதான்! தப்பே இல்ல!"

"இன்னா மூணு டீச்சர்? உக்காருங்க, விழுந்துடப் போறீங்க!"

பங்காரப்பேட்டை தாண்டுவதற்குள் பிரதாப்புக்குப் போன் போட்டுக் கத்தினாள். பெட்டியே திரும்பிப் பார்த்தது.

சார் அவள் எழுதியதைப் படித்துச் சிரித்தார். "இதை ஐம்பது வருஷத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிட்டாங்கம்மா."

அவள் முகம் ஒரு கணம் வாடியது.

"ஆனா நீங்க படிக்காமலே ரயில்ல கண்டுபிடிச்சிருக்கீங்க. சரி, மூணாவதா ஒரு நிறம் சேர்த்தா?"

மமதாவுக்கு அங்கேயே கை துறுதுறுத்தது. திருப்புகிற வித்தை மூன்று நிறத்துக்கு முழுசாகப் பலிக்கவில்லை. விடை எந்த எண்ணுக்குக் கீழே போகாது, எதற்கு மேலே ஏறாது என்று மட்டும் நிறுவ இரண்டு வருஷம் பிடித்தது. அதற்குத்தான் போன மாதம் டாக்டர் பட்டம் கிடைத்தது. சரியான எண்ணைத் தேடி, சனிக்கிழமை ரயிலை அவள் இன்னும் விடவில்லை.