மழையில் அணைந்த மெழுகுவத்திகள்

கூரையிலிருந்து தொங்கும் இரும்பு வளையத்தில் வரிசையாகத் திரிகள். கீழே சட்டியில் உருகிய மெழுகு. வளையத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே சின்னம்மா ஒவ்வொரு திரியின் மேலும் கரண்டியால் ஊற்றுவாள். ஆறவிட்டு மறுபடி ஊற்றுவாள். விரல் பருமன் வந்ததும் ஈரப் பலகையில் வைத்து உருட்டுவாள். திண்டிவனத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் நாங்கள் எல்லாருமே அந்தக் கைவேலையைப் பழகினோம். எங்களுக்கு அது விளையாட்டு. என் அம்மாவின் கடைசித் தங்கையான அவளுக்கு அதுதான் பிழைப்பு. படிப்பு நின்றுபோன பெண்ணை விடுதியில் வைத்திருக்கமாட்டார்கள். இந்த வேலைக்காகத்தான் விடுதித் தலைவியான மதர் அவளை விட்டுவைத்திருந்தார். விக்கிரவாண்டிப் பக்கத்து எங்கள் ஊரிலோ, பெண்டாட்டி செத்த ஒருவனுக்கு அவளைக் கட்டிக்கொடுப்பதாகத் தாத்தா வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார். அவன் குடிகாரன் என்பது ஊருக்கே தெரியும்.

யுத்தத்தில் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும், அங்கிருந்து வந்துகொண்டிருந்த மண்ணெண்ணெயோடு மெழுகும் நின்றுபோயிற்று. சட்டி காய்ந்து கிடந்தது. சின்னம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஆண்டு கல்லறைத் திருநாளன்று நல்ல மழை. ஊரார் பத்திரப்படுத்தி வைத்திருந்து கல்லறைகளில் ஏற்றிய மெழுகுவத்திகள் எல்லாம் ஏற்றிய வேகத்தில் அணைந்துவிட்டன. செத்தவர்களுக்கு வைத்ததை எங்கள் பக்கத்தில் யாரும் தொடமாட்டார்கள். மறுநாள் இவள் தாவணி நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்து நின்றாள். நான் இரண்டடி பின்வாங்கினேன்.

"அணைஞ்சிதான கெடக்குது? மண்ணோட போறது பீடத்துல எரியட்டும்டி," என்றாள்.

வடிகட்டி வார்த்த மெழுகுவத்திகள் கோயிலில் ஒரே சீராக எரிந்தன. மதரே மெச்சிக்கொண்டு, மெழுகு ஏது என்று கேட்டார். மறைக்கத் தெரியாதவள், சொல்லிவிட்டாள். மதரின் முகம் கறுத்துப்போயிற்று. பீடத்தில் இருந்தவற்றையெல்லாம் குழிதோண்டிப் புதைக்கச் சொன்னார். குழியை அவளையே தோண்டவைத்தார்கள். அன்று மாலையே தாத்தாவுக்கு ஆள் போயிற்று.

இப்போது என் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் மெழுகுவத்தி செய்யச் சொல்லித்தருகிறார்கள். கலர் கலராக, ரோஜா வாசனையோடு செய்துவந்து அலமாரியில் வைத்துவிட்டு அவள் அதை மறந்தே போகிறாள். சின்னம்மாவுக்காக எனக்கு அந்தக் குழந்தைமேல் பொறாமைகூட வருகிறது.

யுத்தம் முடிந்தபின் சின்னம்மா ஒருமுறை இடுப்பில் பிள்ளையோடு விடுதிக்கு வந்தாள். புருவத்துக்கு மேல் ஆறாத காயம்.

"மெழுகு வந்துட்டுதாமே மதர், நான் வந்து வேல செய்யட்டுங்களா?"

மதர் கோபப்படவில்லை. "இப்ப ரெடிமேடாவே பெட்டி பெட்டியா வருதும்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சின்னம்மா படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்ப வூட்டுக்கேதான் போவணுமாடி?"

பஸ் போய்விடும் என்று அவளே எழுந்துகொண்டாள்.