மல்லாட்டைக் குடோனில் ஒரு விண்கப்பல்

அந்த இங்கிலீஷ் படத்தில் கப்பல் ஓட்டியவளைக் கொன்றிருக்கக் கூடாது. விழுப்புரம் தியேட்டரை விட்டு வெளியே வந்த நிமிடமே இதை என் அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

எண்பதுகளில் வந்த படம். வசனம் ஒரு வரி புரியவில்லை. புரிய என்ன இருக்கிறது? எங்கேயோ ஒரு கிரகத்தில் மாட்டிக்கொண்ட கூட்டம் பூமிக்குத் திரும்புகிறது. வழியெல்லாம் கல் மழை. ஒவ்வொரு கல்லும் ஒரு மலை அளவு. அது திரையில் நேராக நம் முகத்துக்கு வரும்போது பெஞ்சு டிக்கெட் மொத்தமும் குனிந்தது. நானும் குனிந்தேன். அதற்கு வெட்கப்படவில்லை. அப்படி ஒரு படத்தை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை.

கப்பலை ஓட்டுகிறவள் ஒரு பெண். மற்றவர்கள் எல்லாம் ஆம்பிளைகள். கத்துவதும் வேர்ப்பதும்தான் அவர்கள் வேலை. கடைசியில் கப்பலின் பாதி கழன்று போகிறது, அதோடு அவளும் போகிறாள். மீதிப் பாதியில் இருந்தவர்கள் பூமியில் இறங்கி ஒருவருக்கொருவர் கை குலுக்கிக்கொள்கிறார்கள். சுபம்.

"இன்னா சுபம்? ஓட்டினு வந்தவ செத்துட்டா, ஒக்காந்துனு வந்தவன்லாம் கை குலுக்குறான்," என்றேன்.

"கதைடி அது. அதுக்குப் போயி ரோட்ல நின்னு கத்துறியே," என்றான் அண்ணன்.

அண்ணனுக்கு டெக் வாடகைத் தொழில். கலர் டிவி, வீடியோ டெக், ஸ்டெபிலைசர் மூன்றையும் வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று ஊர் ஊராகப் போவான். நான் டைப்ரைட்டிங் படித்துவிட்டு வீட்டில் இருந்தேன். கேசட்டை ரீவைண்ட் செய்வது, டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது எல்லாம் என் வேலை. அவனைவிட நன்றாகவே செய்வேன். ஆனால் வெளியூருக்கு என்னைக் கூட்டிப் போகமாட்டான். பொம்பளைப் பிள்ளையாம்.

படம் பார்த்து ஒரு வருஷம் இருக்கும். கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பாய் வந்தார். துபாயில் வேலை பார்ப்பவர். அங்கிருந்து வரும்போதெல்லாம் அண்ணனுக்குக் கேசட்டு கொண்டுவருவார். இந்த முறை ஒரு கறுப்புப் பெட்டியும் ஒரு அட்டை டப்பாவும் கொண்டுவந்திருந்தார்.

"இது பாக்குற படம் இல்லப்பா. வெளையாடுற படம். நீங்க பாத்தீங்களே, அந்த ஆகாசக் கப்பல் படம், அதே தான். டிவியில சொருவிட்டா கப்பல நாமளே ஓட்டலாம்."

அட்டை டப்பாவை வாங்கிப் பார்த்தேன். டப்பா மேல் அவள் படம். கப்பலின் முன் இருக்கையில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கையால் விசையைப் பிடித்திருக்கிறாள். பின்னால் கல் மழை. கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நீலமாகப் பூமி.

"நாமளே ஓட்டலாம்னா, அவள ஊருக்குக் கொண்டுவந்து சேத்துடலாமா பாய்?"

"ஓட்டத் தெரிஞ்சா சேக்கலாம்மா. ஒங்க கையில தானே இருக்குது."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளைக் கொண்டுவந்து இறக்கிவிடவேண்டும். வேறு ஒன்றும் மண்டையில் ஓடவில்லை.

அண்ணன் மண்டையில் வேறு ஓடியது. திண்டிவனத்தில் எங்கள் மாமா ஒருவருக்கு மல்லாட்டைக் குடோன், அதாவது வேர்க்கடலை மூட்டை அடுக்கும் கொட்டகை, இருந்தது. பயிர் வராத மாதங்களில் காலியாகக் கிடக்கும். அதில் டிவியை வைத்து, டிக்கெட் போட்டு, இந்தப் படத்தை ஓட்டுவது என்று முடிவு செய்தான். விளையாட்டு என்றால் ஒருத்தர் விளையாடுவது, அடுத்தவர் முறைக்குக் காத்திருப்பது என்பதெல்லாம் எங்களுக்கு யார் சொன்னார்கள்? டிவியில் எது வந்தாலும் அது படம். படம் என்றால் காட்சி நேரம், ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், நடுவில் இடைவேளை. அப்படித்தான் ஏற்பாடு செய்தோம்.

வீட்டில் ஓட்டிப் பார்க்காமலா போனோம்? பார்த்தோம். கறுப்புத் திரையில் ஒரு பச்சைச் செங்கல். மேலேயிருந்து வெள்ளைக் கட்டம் கட்டமாக ஏதோ விழுந்தது. டொய்ங் டொய்ங் என்று சத்தம்.

"இதுவா அந்தப் படம்?" என்றேன்.

அண்ணன் சிரித்தான். "சென்சார் சர்டிபிகேட் காட்டுவான், பேரு போடுவான், அப்புறம்தானே படம் வரும்? இது பேரு போடுற எடம். இதத் தாண்டினா உள்ள கப்பலு, கிரகம், ஆளு எல்லாம் வரும்."

நான் நம்பினேன். எனக்கு நம்பவேண்டியிருந்தது. தாண்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன், வோல்டேஜ் இறங்கிப் படம் சுருங்கிவிட்டது. ஆனால் ஒன்று தெரிந்துபோனது. கறுப்புப் பெட்டியோடு வந்த குச்சியைப் பிடித்து ஆட்டித்தான் கப்பலை ஓட்டவேண்டும், அதில் அண்ணன் தண்டம். முதல் கல்லிலேயே மோதுவான். நான் பத்துக் கல்லுக்கு மேல் தப்பிப்பேன். அதனால் வேறு வழியில்லாமல் என்னைத் திண்டிவனத்துக்குக் கூட்டிப்போனான்.

ஆட்டோவில் மைக் கட்டி ஊரெல்லாம் சொன்னான். "நீங்கள் பார்த்து வியந்த விண்வெளிக் காவியம்! இப்போது உங்கள் கண்ணெதிரே, நேரடியாக ஓட்டிக் காட்டப்படும்! கதாநாயகி பிழைப்பாளா? காணத் தவறாதீர்கள்!" கடைசி வரி நான் எழுதிக் கொடுத்தது.

கூட்டம் வந்தது. அப்படி ஒரு கூட்டத்தை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. சந்தைக்கு வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், காலேஜ் பையன்கள். நடுவில் கயிறு கட்டி ஒரு பக்கம் பெண்கள். முன்வரிசையில் மரக்காணத்திலிருந்து கருவாடு விற்க வந்த ஒரு அம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் டிவிக்கு முன்னால் தரையில், குச்சியோடு.

அண்ணன் விளக்கை அணைத்தான். விசில் பறந்தது. பச்சைச் செங்கல் வந்தது.

நான் ஓட்டினேன். கல் வந்தது, விலகினேன். வேகம் கூடியது. விலகினேன். இதோ முடியப்போகிறது, இதோ அவள் முகம் வரப்போகிறது என்று ஒவ்வொரு கல்லையும் தாண்டினேன். ஒரு கல் பட்டது. டப். செங்கல் சிதறியது. அடுத்த நொடி அதே செங்கல் அதே இடத்தில் முளைத்தது.

இப்போது எல்லோருக்கும் தெரியும், அந்த விளையாட்டில் கப்பலுக்கு மூன்று உயிர். அன்று அது எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. வீட்டில் ஒவ்வொரு முறையும் பெட்டி தானாக முதலிலிருந்து ஆரம்பிக்கிறது என்றுதான் நினைத்திருந்தோம்.

"யோவ்! ஓடின ரீலையே திருப்பிப் போடுறான்யா!" ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தன் எழுந்தான். சிவப்புத் துண்டு கட்டியிருந்தான்.

"செத்த கப்பலு எப்டிடா திரும்ப வரும்? ரீல மாத்து!"

"பேரு போட்டது போதும், படத்தப் போடுறா!"

இரண்டாவது முறையும் சிதறியது. மூன்றாவது முறையும். திரையில் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை வந்தது. பிறகு மறுபடியும் முதலிலிருந்து பச்சைச் செங்கல். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கப்பல் இல்லை, கிரகம் இல்லை, பூமி இல்லை. அவள் இல்லவே இல்லை. இந்தச் செங்கல்தான் அவள். டப்பா மேல் அவளை வரைந்து விற்றுவிட்டு உள்ளே செங்கலை வைத்தவன் எவனோ, அவனைக் கையில் கிடைத்தால் அன்றைக்கு அங்கேயே அறைந்திருப்பேன். இன்றைக்குக் கிடைத்தாலும் அறைவேன்.

கூட்டம் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தது. அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. படக்கென்று விளக்கைப் போட்டு மைக்கில், "இடைவேளை!" என்றான்.

"நிறுத்துடி," என்று என்னிடம் கிசுகிசுத்தான்.

"இத நிறுத்த முடியாதுண்ணா. கைய எடுத்தா செத்துடும்."

"செத்தா சாவுட்டும்."

"அதுக்கா இவ்ளோ தூரம் வந்தேன்? போடா!"

நான் நிறுத்தவில்லை. ஆத்திரத்தில் ஓட்டினேன். ஆத்திரத்தில்தான் எனக்குக் கை நன்றாக வரும். வெளியே போன கூட்டம் டீயும் வேகவைத்த மல்லாட்டையுமாகத் திரும்பி வந்தது. அவர்கள் போகும்போது இருந்த அதே செங்கல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் சாவலையா இது?"

"இல்லப்பா. அந்தப் பொண்ணு ஓட்டினே கீறா பாரு."

யாரும் பெஞ்சுக்குப் போகவில்லை. கயிறு எங்கே போனது என்று தெரியவில்லை. ஆண்கள், பெண்கள் எல்லோரும் என் முதுகில் விழாத குறையாக வந்து நின்றார்கள். மல்லாட்டைத் தோல் என் தலையில் விழுந்தது. கல் மழை இப்போது அசுர வேகம். கண்ணால் பார்த்து விலக நேரமில்லை. பின்னால் இருந்தவர்கள்தான் எனக்குக் கண்.

"வலப்பக்கம்! வலப்பக்கம்!"

"தோ, மேல ரெண்டு வருது, ஜல்தி!"

"அப்டிப் போடு என் தங்கமே!" இது கருவாட்டுக்கார அம்மா. என் தோளைப் பிடித்து உலுக்கினார். ஒவ்வொரு கல்லுக்கும் குடோனே ஓவென்று கத்தியது. தியேட்டரில் குனிந்தோமே, அதெல்லாம் ஒன்றுமே இல்லை. உடம்பு முழுக்க மின்சாரம் ஓடியது எனக்கு.

அப்போது சிவப்புத் துண்டுக்காரன் வாயைத் திறந்தான். "எவ்ளோ ஓட்டினாலும் பொம்பள கப்பலு ஊரு போயி சேராது."

நான் அப்படியே திரும்பிவிட்டேன். "யாருடா அவன்? வந்து ஒக்காந்து ஓட்றா பாக்கலாம்! முதல் கல்லுல மூஞ்சி பேந்துடும் ஒனக்கு!"

திரும்பினபோது குச்சி இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. செத்தோம் என்று நினைத்தேன். கூட்டமும் நினைத்தது. மெல்லத் திரையைப் பார்த்தேன்.

செங்கல் இடது மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றது. கல் கொட்டியது. ஆனால் அந்த மூலைக்கு மட்டும் ஒரு கல்லும் வரவில்லை. பக்கத்திலேயே விழுந்தது, உரசிக்கொண்டு விழுந்தது, மேலே படவில்லை. நான் குச்சியிலிருந்து கையை எடுத்தேன். செங்கல் அசையவில்லை. சாகவும் இல்லை.

"இன்னாம்மே ஆச்சு?" என்றார் கருவாட்டுக்கார அம்மா.

எனக்குத் தெரியும் என்ன ஆச்சு என்று. வேலை தெரியாதவன் செய்த விளையாட்டு. மூலையில் கல் விழவைக்க மறந்திருக்கிறான். அவ்வளவுதான்.

"வூடு வந்துட்டா," என்றேன்.

பெண்கள் போட்ட குலவையில் குடோனின் தகரக் கூரை அதிர்ந்தது. யாரோ என்னைத் தூக்கி நிற்க வைத்தார்கள். ஆண்களில் பாதிப் பேர் விசில் அடித்தார்கள், மீதிப் பேர் சண்டைக்கு வந்தார்கள்.

"இது வூடா? சொவத்தோரமா நிக்குது!"

"கல்லு உழாத எடம் வூடு இல்லாம இன்னாடா?" என்று அந்த அம்மா கருவாட்டுக் கூடையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கேட்டார்.

அண்ணன் என் காதருகே வந்தான். "ஜனம் இன்னும் கேக்குதுடி. நடுவுல கொண்டாந்து ரெண்டு கல்லு காட்டு."

"மாட்டேன்."

"அப்ப சுவிச்ச ஆப் பண்றேன், அடுத்த ஷோ போடணும்."

"எல்லாரும் வெளிய போற வரைக்கும் அவ அங்கதான் இருப்பா. சுவிச்சுல கைய வச்சே, ஒடிச்சிடுவேன்."

அவன் வைக்கவில்லை.