விதிகளை எழுதியவனின் பதில்

கைப்பேசிக்கான இலவசத் தமிழ் விசைப்பலகைச் செயலி ஒன்றை இணையத்தில் பலர் கூடி உருவாக்குகிறோம். குழுவில் மரியாதையாகப் பேசுவதற்கான விதிகளை எழுதியவன் நான்.

இன்று, புதிதாகச் சேர்ந்த காத்திவாக்கம் மீனவக் குப்பத்துப் பெண் அனுப்பிய நிரல் திருத்தத்தில் ஒரு பிழை. மூத்தவர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும், "இதுகூடத் தெரியலன்னா மீன் விக்கப் போ" என்று எழுதிவிட்டார்.

ரயிலில் உட்கார்ந்து, குழுவிலேயே போட அவருக்குக் கண்டிப்பு எழுதினேன். 'அவமதிப்பு' என்ற சொல் கடுமையோ என்று அழித்தேன். மறுபடி எழுதினேன்.

பக்கத்தில் மீன்கூடையோடு இருந்த அம்மாள், "இன்னா நைனா, ஏறுனதுலேர்ந்து எழுதிகினே கீற, அழிச்சிகினே கீற?" என்றார்.

சொன்னேன்.

"மீன் வித்தா கேவலமா? நீ போட்ட சட்டம்தானே, பட்டுனு அனுப்பு!"

திருவொற்றியூரில் இறங்கித்தான் அனுப்பினேன். அதற்குள் அந்தப் பெண் குழுவைவிட்டு விலகியிருந்தார்.

என் கண்டிப்புக்கு முதல் விருப்பக்குறி போட்டவர் அதே மூத்தவர். இதற்கு என்ன விதி எழுதலாம், சொல்லுங்கள்.