ஓட்டாத வண்டியின் செல்ஃப் மோட்டார்

பட்டனை அமுக்கினால் பைக்கை ஸ்டார்ட் செய்கிற செல்ஃப் மோட்டாரில் ஆயில் ஒழுகினால் வெளியே ஒட்டுப் பேஸ்ட் தடவி அனுப்புகிறவனை நான் மெக்கானிக் என்று சொல்ல மாட்டேன். தேங்காய்ப்பட்டணத்தில் ஓர் உம்மா வீட்டு வண்டியில் ஒருவன் அதைத்தான் செய்து வைத்திருந்தான். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் அதைச் சரிசெய்த முறையை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மீதியையும் படியுங்கள்.

கருங்கலில் என் ஒர்க்‌ஷாப். உம்மாவின் மகன் அன்சார் சவுதியில் இருக்கிறான். அவன் விட்டுப்போன பழைய பைக் முற்றத்தில் நிற்கிறது. ஓட்ட ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு, வீடியோ கால் செய்வான். உம்மா ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறுகையால் செல்ஃப் பட்டனை அமுக்குவார். சத்தத்தைக் கேட்டு அவன் "ஆங், நல்லாருக்கு" என்பான். அதற்குப் பிறகுதான் மற்றப் பேச்சு.

"கிக்கரை மிதிக்க எனக்க காலுக்கு வலு இல்ல மக்கா. செல்ஃபு இப்ப மொனங்குது, எடுக்க மாட்டேங்கு. அடியில எண்ணெ சொட்டுது. வெள்ளிக்கிழமைக்குள்ள செரியாக்கித் தந்திரு" என்றார் உம்மா.

குனிந்து பார்த்தேன். மோட்டாரைச் சுற்றிலும் பேஸ்ட்.

"இது யாரு உம்மா அப்புனது?"

"பக்கத்து வீட்டுப் பயதான். ஒழுக்கு நிண்ணுபோவும்னான்."

"அவனுக்க வீட்டு மாடி ஒழுகுனா அங்க கொண்டு அப்பச் சொல்லுங்க."

உம்மா வாயைப் பொத்திச் சிரித்தார்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினேன். பிறகு கேபிள். கடல் காற்றில் போல்ட் இரண்டும் துருப்பிடித்து இறுகியிருந்தன. அவசரப்பட்டால் உடையும். ஆயில் விட்டு ஊறவைத்துத்தான் எடுத்தேன். மோட்டார் எஞ்சினில் சேருகிற இடத்து ரப்பர் ஓ-ரிங் வளையல் போல விறைத்திருந்தது. வெளியே ஒழுகியது அதனால். மோட்டாரைப் பிரித்தால் உள்ளே ஆயில் சீலும் போயிருந்தது. எஞ்சின் ஆயில் உள்ளே இறங்கி, கார்பன் தூளோடு சேர்ந்து கறுப்புச் சேறாகி, மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் ஒட்டிக் கிடந்தது. வெளியே எவ்வளவு அப்பினாலும் இது நிற்காது. ரோட்டில் ஓடாமல் கொஞ்ச நேரம் ஸ்டார்ட் ஆகி அணைகிற வண்டிக்கு ரப்பர் சீக்கிரம் காயும்.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்து பெட்ரோலில் கழுவி நன்றாக உலர்த்தினேன். புது பிரஷ், புது சீல், புது ஓ-ரிங். பேட்டரியில் தொட்டுப் பார்த்தேன், மோட்டார் துள்ளியது.

அன்று சாயங்காலம் அன்சார் போன் செய்தான்.

"அண்ணா, உம்மாட்ட இனி ஆக்க முடியாதுன்னு சொல்லிருங்க."

"ஏன்? மோட்டார் ரெடியாயாச்சே."

"நான் இனி பைக் ஓட்டப் போறதில்ல. ஊருக்கு வந்தா காருதான். வெள்ளிக்கிழமை ஆனா அந்தச் சத்தத்தக் கேக்கணும். வித்திருங்கன்னு சொன்னா உம்மா வெசனப்படுவாங்க. ரிப்பேருன்னா அவங்களே விட்டிருவாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆக்கின மோட்டார ஆவாதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஒனக்க உம்மாட்ட நீயே சொல்லுலே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை போய் மோட்டாரை மாட்டினேன். வீடியோ கால் வந்தது. உம்மா பட்டனை அமுக்கினார். எஞ்சின் உடனே எடுத்தது.

"கேட்டியா மக்கா? புதுசு கணக்கா இருக்கு."

போனில் அவன், "உம்மா, அத வித்திருங்க. சும்மா எதுக்கு" என்றான்.

சொல்லச் சொன்னது நான்தான். ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சொல்வான் என்று நினைக்கவில்லை. உம்மா சாவியைத் திருப்பி அணைத்தார்.

"ஒனக்க வண்டி, ஒனக்க இஷ்டம். சோறு தின்னியா?" என்று கேட்டார்.

அவன் தின்றாயிற்று என்றான். அதோடு வீடியோ கால் முடிந்தது.

பிறகு வண்டியை வாங்கக் கருங்கலில் அவனே ஆள் பிடித்தான். வண்டியை எடுத்துவர என்னையே அனுப்பினான். உம்மா அதைத் துடைத்து வைத்திருந்தார். ஏறி உட்கார்ந்து பட்டனில் விரலை வைத்தேன்.

"இங்க வேண்டாம் மக்கா. ரோட்டுக்கு உருட்டிட்டுப் போயி ஸ்டார்ட் பண்ணு" என்று சொல்லிவிட்டு உம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உருட்டிக்கொண்டு போனேன்.

பொய் சொல்ல மறுத்தது தப்பு என்று இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வண்டி போனபிறகு வெள்ளிக்கிழமை உம்மா எதைக் காட்டி உன்னோடு பேச ஆரம்பிப்பார் என்று அந்தப் பயலிடம் கேட்டிருக்கலாம். அவனுக்கு அது தோன்றவே இல்லை. எனக்கும் கோபத்தில் தோன்றவில்லை. வண்டிக்காரன் கோணலாக ஏதாவது கேட்டால் முடியாது என்றே சொல்லுங்கள். சொல்லிவிட்டு உடனே போனை வைக்காதீர்கள். கொஞ்ச நேரம் லைனில் இருங்கள்.